கிளாவர் மூணும் செஞ்சிக்கோட்டைப் புல்தரையும்

சீட்டாடத் தெரிஞ்ச மக்களுக்கு ஒரு கேள்வி. இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர். இதுல கிளாவர்னா என்னங்க?

நானும் முப்பது வருஷமா ரம்மி ஆடறேன், ஒரு தடவை கூட யோசிச்சதில்ல. இங்கிலீஷ்காரன் அந்தச் சீட்டை 'க்ளப்ஸ்'னு தான் சொல்றான், அதாவது குண்டாந்தடி. நாம மட்டும் ஏன் கிளாவர்ங்கறோம்? சீட்டை எடுத்து உத்துப் பாருங்க. மூணு உருண்டை, ஒரு காம்பு. அது தடி இல்ல, இலை. மூணு இலை வச்ச க்ளோவர் செடியோட இலை. டச்சு மொழியில அந்தச் செடிக்கும் பேரு க்ளாவர், சீட்டுக்கும் அதே பேரு தான். பிரெஞ்சுக்காரனும் அந்தச் சீட்டை 'மூவிலை'ன்னு தான் சொல்றான்.

இதுல எங்க ஊருக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு. எங்க ஊர்னா செஞ்சி. 17ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல டச்சுக்காரங்க கடலூர் பக்கத்துல தேவனாம்பட்டினத்துல கடை விரிச்சது செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பர் அனுமதி கொடுத்த பிறகு தான். பிரெஞ்சுக்காரங்க 1750லேர்ந்து 1761 வரைக்கும் செஞ்சிக்கோட்டையையே கையில வச்சிருந்தாங்க. ஆக, செஞ்சிச் சீமைக்கு வந்தவங்க சீட்டுக்கட்டுல எல்லாம் இந்த மூவிலை இருந்திருக்கும். செடி மட்டும் வரல.

அந்தச் செடியைக் கொண்டு வரேன் பேர்வழின்னு நான் கிளம்பினேன் பாருங்க, அங்க ஆரம்பிச்சது தான் இந்தக் கதை.

நான் பட்ட பாடு

வீடு செஞ்சி டவுனுக்கு வெளிய, திண்டிவனம் ரோட்டுப் பக்கம். மொட்டை மாடியில நின்னா ராஜகிரி தெரியும். வாசல்ல இருபதடிக்கு இருபதடி இடம். அப்பா காலத்துல அங்க ஒரு முருங்கையும் துணி காயப் போடற கயிறும் தான். நான் தலையெடுத்ததும், சினிமாவுல வர்ற மாதிரி புல்தரை வேணும்னு ஆசை. நர்சரியில பாய் மாதிரி சுருட்டி விக்கிற புல்லை வாங்கிப் போட்டேன். முதல் ஆறு மாசம் பச்சைக் கம்பளம். அக்னி நட்சத்திரம் வந்தது, கம்பளம் தேங்காநார் ஆயிடுச்சு.

நம்ம வெயிலுக்கு ஒரு புல்தரை நாளைக்குச் சுமாரா 5 மில்லிமீட்டர் தண்ணி குடிக்கும். கேக்கறதுக்குச் சின்னதா இருக்கும். என் வாசல் 400 சதுர அடிக்குக் கணக்குப் போட்டா தினம் 185 லிட்டர். பன்னெண்டு குடம்! அப்பா வெட்டின கிணத்துல மே மாசம் அடிமண்ணு தெரியும். தெருக்கோடியில குடத்தோட வரிசையில நிக்கறவங்களைப் பார்த்துக்கிட்டே நான் ஹோஸ் பைப்பைப் பிடிச்சுப் புல்லுக்கு ஊத்தினேன். அம்மா ஒண்ணும் சொல்லல. திண்ணையில உக்காந்து பார்த்தாங்க. அது தான் தாங்கல.

அப்ப தான் நியூஜெர்ஸில இருக்கற மச்சான் போன்ல சொன்னான்: "மாமா, இங்க எல்லாரும் புல்லுக்குப் பதிலா க்ளோவர் போடறாங்க. தண்ணி கம்மி, உரம் வேணாம், வெட்டற வேலையும் பாதி தான்." உடனே விதை வாங்கினேன். ஐப்பசியில தெளிச்சேன். தையில பச்சைப்பசேல்னு மூணு மூணு இலையா வந்து நின்னது. பங்குனியில பழுப்பு. சித்திரையில சாம்பல். அது குளிர் தேசத்துச் செடிங்க. ஊட்டியில ரோட்டோரம் தானா கெடக்கும், நானே பார்த்திருக்கேன். வெள்ளைக்காரங்க புண்ணியத்துல நீலகிரியில வேர் பிடிச்ச சரக்கு. செஞ்சிப் பாறை வெயில்ல நிக்குமா?

போனது போகட்டும், இந்தச் செடியோட கதையையாவது படிப்போம்னு உக்காந்தேன். படிக்கப் படிக்க, நான் புல்தரைன்னு நினைச்சிருந்ததே தப்புன்னு தெரிஞ்சது.

களை ஆன கதை

க்ளோவர் வேற யாரும் இல்ல, நம்ம வெந்தயத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். வெந்தயக் கீரையைப் பாருங்க, அதே மூணு இலை. இந்தக் குடும்பத்துச் செடிங்களோட வேர்ல சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். அதுக்குள்ள பாக்டீரியா உக்காந்து காத்துல இருக்கற நைட்ரஜனைப் பிடிச்சு செடிக்கு உரமா ஆக்கித் தரும். செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். 1880கள்ல ஜெர்மனியில ஹெல்ரீகல், வில்ஃபார்த்னு ரெண்டு பேர் இதை ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சாங்க. உளுந்து, பயறு போட்ட நிலத்துல அடுத்த போகம் நல்லா வரும்னு நம்ம தாத்தாங்க சொன்னதுக்கு இதான் காரணம்.

இங்கிலாந்துப் பிரபுக்கள் மாளிகை முன்னாடி புல்தரை வளர்த்த காலத்துல அதை மேய்ச்சு மட்டம் பண்ணது ஆடுங்க, இல்லேன்னா அரிவாள் பிடிச்ச கூலிக்காரங்க. 1830ல எட்வின் பட்டிங்னு ஒருத்தர் புல் வெட்டற மெஷினைக் கண்டுபிடிச்சார். துணி மில்லுல கம்பளித் துணியோட பிசிறை வெட்டற உருளையைப் பார்த்து வந்த யோசனை. அதுக்கப்புறம் நடுத்தர வர்க்கத்து வாசல்லயும் புல்தரை வந்தது. அந்தப் புல்தரைங்கள்ல க்ளோவர் சர்வசாதாரணம். அமெரிக்காவுல புல்விதைப் பொட்டலத்துலயே வெள்ளைக் க்ளோவரைக் கலந்து தான் வித்தாங்க. புல்லுக்கு அது தான் சோறு போட்டுச்சு.

இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட 2,4-டி கடைக்கு வந்தது. நம்ம விவசாயிங்களுக்கும் தெரிஞ்ச மருந்து தான். அகன்ற இலைச் செடியை மட்டும் கொல்லும், புல் வகையை விட்டுடும். வாசல்ல அடிச்சாங்க, களைங்க செத்தது. கூடவே க்ளோவரும் செத்தது. அதைக் காப்பாத்தி மருந்தடிக்க வழியில்ல. என்ன பண்ணாங்க? க்ளோவரையும் களைப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க! நேத்து வரைக்கும் காசு கொடுத்து வாங்கின விதை, இன்னிக்குக் காசு கொடுத்துக் கொல்ற களை. அது போனதும் புல்லுக்கு நைட்ரஜன் போதல, அதுக்கு மூட்டையில உரம். மருந்து வித்தவனுக்கும் லாபம், உரம் வித்தவனுக்கும் லாபம்.

ஒரே புல், வேற ஒரு இலை கூட இருக்கக் கூடாதுங்கற பிடிவாதத்துக்கு வயசு எண்பது வருஷம் தான். மச்சான் ஊர்ல இப்ப க்ளோவர் போடறது புதுசு இல்ல. தாத்தா வீட்டுக்குத் திரும்பிப் போறது.

பாபரோட மூவிலை, காம் பக்ஷோட செஞ்சி

இந்தியப் பக்கம் வந்தா இன்னொரு ஆச்சரியம். தோட்டப் பைத்தியம்னா அது பாபர் தான். டெல்லியைப் பிடிக்கிறதுக்குப் பல வருஷம் முன்னாடியே, 1508-09 வாக்குல, இன்னிக்கு ஆப்கானிஸ்தான்ல ஜலாலாபாத் இருக்கற பக்கம், அதீனாபூர்ங்கற கோட்டைக்கு எதிர்ல 'பாக்-இ-வஃபா'ன்னு ஒரு தோட்டம் போட்டார். தன்னோட நினைவுக் குறிப்புல அதைப் பத்தி ஆசை ஆசையா எழுதியிருக்கார். ஒரு குளம், குளத்தைச் சுத்தி ஆரஞ்சு, மாதுளை மரங்க, அதைச் சுத்தி மூவிலைத் தரை. தோட்டத்துலயே அந்த இடம் தான் அழகுங்கறார். வாழையும் கரும்பும் கூட அங்க வச்சுப் பார்த்தாராம். நம்ம ஆளு!

அந்தப் பாபர்லேர்ந்து எண்ணினா ஏழாவது தலைமுறை இளவரசர் காம் பக்ஷ், ஔரங்கசீப்போட கடைசிப் பையன். சிவாஜியோட மகன் ராஜாராம் 1689ல தப்பிச்சு செஞ்சிக்கு வந்தார். துரத்திக்கிட்டு மொகலாயப் படை வந்தது. 1690ல ஆரம்பிச்ச முற்றுகை 1698ல தான் முடிஞ்சது. நடுவுல சேனாதிபதி சுல்ஃபிகார் கானுக்கும் இளவரசருக்கும் ஒத்துப் போகல. மராத்தாக்களோட ரகசியமா பேசறார்னு சொல்லி காம் பக்ஷைச் சொந்தப் படையே சிறை வச்சது. பாவம், மூவிலைத் தரையில படுத்துக் கவிதை சொன்ன பாட்டன் எங்க, செஞ்சி வெயில்ல கூடாரத்துக்குள்ள காவல்ல கெடந்த பேரன் எங்க.

சரி, இவங்க காலத்துல எல்லாம் செஞ்சிக்கோட்டைக்குள்ள புல்தரை இருந்துதா?

கோட்டையைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். கல்யாண மகாலைத் தாண்டினா வரிசையா குதிரை லாயம். கொஞ்சம் தள்ளி களஞ்சியம். ராஜா தேசிங்கு ஊர் ஆச்சே! 1714ல ஆற்காட்டு நவாப் சாததுல்லா கானோட சண்டை போட்டுச் செத்தப்ப தேசிங்குக்கு வயசு இருபத்தி சொச்சம் தான். கதைப்பாட்டுல அவரை விடக் குதிரைக்குத் தான் புகழ். அந்தக் குதிரைங்க எதைத் தின்னுது? கொள்ளும் புல்லும். புல்லுன்னா அருகம்புல். அது வேரோட, கொடியோட சேர்த்துக் கொத்தி எடுத்து, மண்ணு தட்டிக் கட்டாக் கட்டிக் கொண்டு வரணும். பின்னாடி வந்த கும்பினிக் குதிரைப்படையிலும் இதே கதை தான். குதிரைக்குன்னு புல் வெட்டற ஆள் தனி. ஊர் ஊரா வரப்பு வரப்பா கொத்திக்கிட்டு அலையறது தான் அவங்க பொழப்பு.

யோசிச்சுப் பாருங்க. 'அருகு போல வேரோடி'ன்னு கல்யாணத்துல வாழ்த்தறோமே, அந்த அருகு லாயத்துக்குத் தீனியா உள்ள வந்தது. காலுக்குக் கீழ விரிக்கறதுக்கு இல்ல. அத்தனை குதிரை, மாடு, யானை, ஆளு நடமாடற தரையில புல் எங்க நிக்கும்?

தண்ணி விஷயத்துல இன்னும் கறார். கல்யாண மகால்ல மேல் மாடிங்க வரைக்கும் மண் குழாய் வழியா தண்ணி ஏத்தியிருக்காங்க. கோட்டைச் சுவருக்கு வெளிய இருக்கற நீர்த்தேக்கத்துலேர்ந்து வந்த தண்ணி. ஆனைகுளம், சக்கரகுளம், செட்டிகுளம்னு குளம் குளமா வெட்டி, மலை மேல கூட சுனையைக் காபந்து பண்ணி வச்சிருந்தாங்க. எட்டு வருஷ முற்றுகையைத் தாங்கின கோட்டைன்னா அதுல மதிலுக்குப் பாதி பங்குன்னா தண்ணிக்கும் பாதி பங்கு உண்டு. அந்த ஊர்ல எவனாவது 'தரைக்கு ஊத்து'ன்னு சொல்லியிருந்தா மதில்லேர்ந்து தள்ளிவிட்டிருப்பாங்க :-)

கர்சன் துரையோட ரசனை

அப்ப நினைவுச்சின்னம்னா முன்னாடி புல்தரைன்னு நம்ம மண்டையில ஏறினது எப்படி? இங்க கர்சன் பிரபு வரார். 1899லேர்ந்து 1905 வரைக்கும் வைஸ்ராய். வங்காளத்தைப் பிரிச்சவர்னு நமக்குக் கோபம் இருக்கு. ஆனா 1904ல பழஞ்சின்னங்களைக் காப்பாத்தச் சட்டம் கொண்டு வந்தவரும் அவர் தான். தாஜ்மகாலைச் செப்பனிட்டப்ப தோட்டத்தையும் மாத்தினார். ஷாஜகான் காலத்துத் தாஜ் தோட்டம் பழ மரமும் பூச்செடியுமா அடர்ந்து கெடந்தது. கர்சன் காலத்துல மரங்களைக் குறைச்சு, கட்டடம் பளிச்சுனு தெரியற மாதிரி இங்கிலாந்து பாணியில திறந்த புல்தரை வந்தது. இன்னிக்கு நாம காலண்டர்ல பார்க்கறோமே, அந்தத் தாஜ் முன்னாடி இருக்கற பச்சை ஷாஜகான் பச்சை இல்ல, கர்சன் பச்சை.

அப்புறம் அதே வாய்ப்பாடு தான் நாடு முழுக்க. செஞ்சிக்கோட்டை 1921ல பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆச்சு. கல்யாண மகாலைச் சுத்தி இப்ப இருக்கற புல்தரையும் அந்த ரசனை வழியா வந்த பிள்ளை தான். தப்புன்னு சொல்ல வரல. பள்ளிக்கூடப் பசங்க வந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கிற இடம் அது. நானே அங்க உருண்டவன். ஆனா நாயக்கர் காலத்துலேர்ந்து அது அப்படியே இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் பாருங்க, அது தான் வேடிக்கை. அதைப் பார்த்துத் தானே நான் என் வாசல்ல பன்னெண்டு குடம் ஊத்தினேன்!

கோணிப்பை

2025 ஜூலையில யுனெஸ்கோ மராத்தா கோட்டைகள் பன்னெண்டை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது. பதினொண்ணு மகாராஷ்டிரத்துல, பன்னெண்டாவது நம்ம செஞ்சி. ஊரே பேனர் வச்ச மாதிரி ஒரு சந்தோஷம். மழை எல்லாம் ஓஞ்ச பிறகு ஒரு நாள் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அம்மாவால மலை ஏற முடியாது. கல்யாண மகால் பக்கம் மர நிழல்ல உக்காந்துட்டாங்க.

அங்க ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், குத்துக்காலிட்டு உக்காந்து களை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல ஒரு கோணிப்பை. அதுலேர்ந்து எட்டிப் பார்த்த கொடியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குட்டிக் குட்டியா மூணு மூணு இலை. என் வாசல்ல செத்துப் போன க்ளோவர் மாதிரியே, ஆனா இன்னும் பொடிசு. நடுவுல மூக்குத்திக் கல்லு கணக்கா ஊதாப் பூ.

"ஏம்மா, இது என்ன செடி?"

"இதுவா தம்பி? சிறுபுள்ளடி. வுட்டா புல்லு மேலயே பாய் விரிச்சிடும்."

"தண்ணி ஊத்தாம வருமா?"

"இதுக்கு யாரு தண்ணி ஊத்தினா? மழை பேஞ்சா வரும், காஞ்சா கருகும். மறுபடி பேஞ்சா அதே எடத்துல துளிர் வுடும். மிதி மிதின்னு மிதி, சாவாது."

"அப்புறம் ஏன் கோணியில கட்டி வைக்கறீங்க? தூக்கிப் போட வேண்டியது தானே?"

அவங்க என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "ஊட்ல ரெண்டு ஆட்டுக்குட்டி கெடக்குது தம்பி. இதைப் போட்டா தான் தின்னும்."

அம்மா மரத்தடியிலேர்ந்து சிரிச்சாங்க. "டேய், இது நம்ம கொல்லையில கெடந்துதேடா. நீ பாய்ப் புல்லு போடறதுக்கு முன்னாடி ஆளு வச்சுக் கொத்தினியே, அது என்னன்னு நினைச்ச?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு.

வீட்டுக்கு வந்து படிச்சேன். அறிவியல் பேரு டெஸ்மோடியம் ட்ரைஃப்ளோரம். பயறு குடும்பம், வேர்ல முடிச்சு உண்டு, நைட்ரஜன் பிடிக்கும், தரையோட படரும், மெஷின்ல வெட்டினாலும் தாங்கும். உலகம் பூரா வெப்ப நாடுங்கள்ல க்ளோவர் செய்யற வேலையை இது தான் செய்யுது. புள்னா பறவை, புள்ளடின்னா பறவையோட கால். மூணு விரல், மூணு இலை. என்ன அழகான பேரு பாருங்க! (ஈழத்து நண்பர்களுக்குப் புள்ளடின்னா ஓட்டுச்சீட்டுல போடற குறி. அதுவும் பறவைக் கால் தடம் மாதிரி தானே?)

டச்சுக்காரன் சீட்டுல கொண்டு வந்த மூவிலையை முப்பது வருஷம் கையில வச்சு ஆடினேன். கடல் தாண்டின மூவிலைக்கு விதை வாங்கினேன். காலடியில கெடந்த மூவிலையைக் கூலி கொடுத்துக் கொத்திப் போட்டேன். கர்சன் துரைக்காவது அது தெரியாத செடி. எனக்கு?

இப்ப என் வாசல்ல பாய்ப் புல் இல்ல. கொல்லை ஓரத்துல தப்பிப் பொழச்ச சிறுபுள்ளடியை வேரோட பேத்து, சாண் இடைவெளியில நட்டேன். கூடவே அருகும் தானா வந்தது, விட்டுட்டேன். ஒண்ணு சோறு போடும், இன்னொண்ணு மண்ணைப் பிடிக்கும். உண்மையைச் சொல்லணும்னா சினிமாப் புல்தரை மாதிரி இல்ல. மே மாசம் பாதி தரை பழுப்பு தான். காய் முத்தினா வேட்டியில ஒட்டிக்கிட்டு வரும். பூவுக்குத் தேனீ வரும், குழந்தைங்க செருப்பில்லாம ஓடினா பார்த்துக்கணும். ஆனா போன கோடையில ஹோஸ் பைப்பை எடுக்கவே இல்ல. கிணத்துல இருந்தது குடிக்கவும் குளிக்கவும் ஆச்சு. முதல் கோடை மழை பெஞ்ச நாலாம் நாள் தரை பூரா பொடி இலை.

அம்மா இப்பவும் திண்ணையில உக்காந்து பார்க்கறாங்க. இப்பவும் ஒண்ணும் சொல்றதில்ல. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி உள்ள நுழைஞ்சா மட்டும் துரத்தாம இருக்காங்க.

உங்க ஊர்ல இந்தச் செடிக்கு என்ன பேரு? வீட்டுல பெரியவங்க இருந்தா கேட்டுப் பாருங்க. கொத்தறதுக்கு முன்னாடி கேளுங்க.